பவளம் வாடியதேன்?

எங்கள் ஆச்சி வீட்டின் கொல்லைச் சுவர் மிகப் பழையது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் தேன்கூடு போலவும் சிறு நட்சத்திரங்கள் போலவும் கோலங்கள் தெரியும். சிறு வயதில் அவற்றின்மேல் விரலை ஓட்டி விளையாடுவோம். "அது முருகைக்கல் தாயி. கடலுக்குள்ள கெடந்தது. அந்தக் காலத்துல தோணியில அள்ளிட்டு வந்து வீடு கட்டுவாங்க, சுண்ணாம்பும் சுடுவாங்க" என்பார் ஆச்சி. அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று ஆச்சி சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கல் என்றால் கல்தானே!

பவளம் கல் அன்று, உயிர் என்பதை எங்களுக்குக் கற்றுத் தந்தது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் கண்ணாடித் தொட்டி. இந்தக் கல்வியாண்டில் அந்தத் தொட்டிக்கு நேர்ந்த துன்பத்தையும், அதன் காரணத்தைத் தேடி நாங்கள் பட்ட பாட்டையும், அதில் நாங்கள் செய்த தவற்றையும் தோழியருக்கு மறைக்காமல் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் அக்காள், தங்கை இருவர். ஒருத்தி பத்தாம் வகுப்பு. மற்றவள் எட்டாம் வகுப்பு. இருவரும் இப்பள்ளியில்தான் படிக்கிறோம். எழுதுகிற கை மூத்தவளுடையது என்றாலும், சொல்வது இருவருமே. ஏன் அப்படி என்பது பின்னால் விளங்கும்.

எங்கள் அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் பணிபுரிகிறார். ஆண்டில் பாதி நாள் கடலில். பாதி நாள் தூத்துக்குடியில். கடலில் இருந்து வந்தவர் வீட்டிலும் ஒரு கடலை வைத்துக்கொண்டார். தொட்டி மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 190 லிட்டர் நீர் கொள்ளும். கடல் எங்கள் தெருமுனையில் இருந்தாலும் அந்த நீரை அப்பா எடுப்பதில்லை. துறைமுக ஊரின் கரையோர நீரில் எண்ணெயும் சாக்கடையும் கலந்திருக்கும் என்பார். ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரில், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம், அதற்கென்றே விற்கும் கடலுப்பைக் கரைத்துத்தான் எங்கள் கடல் உண்டாயிற்று.

அதில் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல மீன், ஒரு சிவப்புக் கோட்டு இறால், ஆறு நத்தைகள். இவற்றோடு மூன்று பவளங்கள். பாறையாக வளரும் கடினப் பவளம் ஒன்றுகூட இல்லை. அவை 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. எங்களிடம் இருப்பவை சென்னையில் ஒரு கடையில் பில் போட்டு வாங்கிய மென்பவளங்கள்.

முதலாவதற்கு நாங்கள் இட்ட பெயர் குடைக்காளான். சார்க்கோஃபைட்டான் என்பது அதன் அறிவியற்பெயர். தோல்போன்ற தடித்த உடல். மேலே விரித்த குடை. குடை முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். ஒவ்வொரு பூவும் ஓர் உயிர். ஒவ்வொன்றுக்கும் எட்டு விரல்கள். மென்பவளங்களின் அடையாளமே அந்த எட்டுதான். இரண்டாவது, கைகொட்டி. ஸீனியா என்பார்கள். அதன் கைகள் விரிந்து மூடி, விரிந்து மூடி, ஓயாமல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாவது, சட்டைப் பொத்தான் அளவுள்ள பச்சை வட்டங்களாகப் பாறையைப் போர்த்தியிருக்கும் பொத்தான் பூ. உண்மையில் அது மென்பவளக் குடும்பம் அன்று, உறவுமுறைதான். ஆனாலும் எல்லாரும் சேர்த்தே சொல்வர். அதன் உடலில் கொடிய நஞ்சு இருக்கக்கூடும் என்பதால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

இவற்றின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியில் உணவு சமைத்துப் பவளத்துக்கும் ஊட்டுகின்றன. வீட்டுக்காரர் இடம் தருகிறார். குடியிருப்பவர் சோறு போடுகிறார்! என்னே இந்த உடன்பாடு! ஆகவே பவளத்துக்கு வெளிச்சமும் சோறும் ஒன்றே. அதற்கு நலம் என்றால் விரியும். நலமில்லை என்றால் சுருங்கும். அதற்குத் தெரிந்த மொழி அவ்வளவுதான்.

சென்ற ஜூன் மாதம் அப்பா கப்பலேறும்போது தொட்டியை எங்களிடம் ஒப்படைத்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டங்கள் போட்டுத் தந்தார். தேதி, வெப்பம், உப்பு, ஊற்றிய நீர், குறிப்பு என ஐந்து கட்டங்கள். "எஞ்சின் ரூமிலயும் இப்படித்தான். பார்த்ததை எழுதணும், நெனச்சதை எழுதக்கூடாது" என்றார்.

"ஊற்றிய நீர்" என்பதை விளக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் நீர் ஆவியாகிப் போகும். நீர் மட்டுமே போகும், உப்பு போகாது. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தூய நீரைத் தினமும் ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் நாளுக்கு நாள் கரிப்பு ஏறிவிடும். ஆவியாகிறவை போகும், ஆவியாகாதவை தங்கும். இந்தச் சிறு உண்மையைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஜூன், ஜூலை இனிதே கழிந்தன. ஆகஸ்டு மாதம் இரண்டாவது வாரத்தில் குடைக்காளான் பூக்களை உள்ளே இழுத்துக்கொண்டது. நாங்கள் பயப்படவில்லை. அது அவ்வப்போது அப்படிச் செய்யும். மேல்தோலில் மெழுகுபோல ஒரு படலம் உண்டாகும். சில நாள் மூடிக் கிடந்து, அந்தப் படலத்தை நீரோட்டத்தில் உதிர்த்துவிட்டு, மறுபடி புதுப்பொலிவோடு விரியும். பாம்பு சட்டை உரிப்பதைப் போன்றதுதான். நோட்டில் "சட்டை உரிக்கிறது" என்று எழுதினோம். அதுவே முதல் பிழை. பார்த்தது மூடியிருந்ததை, எழுதியதோ நாங்கள் நினைத்ததை.

ஒரு வாரம் போயிற்று. பன்னிரண்டு நாள் போயிற்று. படலம் எதுவும் உரியவில்லை. குடையின் ஓரம் உட்புறமாகச் சுருண்டது. பொத்தான்கள் பாதி மூடின. செப்டம்பரில் கைகொட்டியின் தாளம் மெதுவாகி ஒரு நாள் நின்றே போயிற்று. வீட்டுக் கடிகாரம் நின்றதைப்போல அன்று முன்னறையே வெறிச்சென்று இருந்தது. காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். படிப்பதற்குப் புத்தகத்தை விரித்தால் கண் தொட்டியின் பக்கமே போகும்.

அப்போதுதான் அவசரத்தில் இறங்கினோம். வெளிச்சம் போதவில்லை போலும் என்று எல்.இ.டி. விளக்கைக் கூட்டினோம். நீரோட்டம் போதவில்லை போலும் என்று பம்பைத் திருப்பி வைத்தோம். தூத்துக்குடிக்கு வெளியே ஒரு கடைக்குத் தொலைபேசியில் கேட்டோம். அவர் பவளத்தைப் பார்க்காமலே ஒரு சத்து மருந்தைச் சொன்னார். வாங்கி இரண்டு மூடி ஊற்றினோம். மூன்றும் ஒரே நாளில்! மறுநாள் குடைக்காளான் இன்னும் சுருங்கிற்று. எதனால் சுருங்கியது? விளக்காலா, பம்பாலா, மருந்தாலா? எங்களுக்கே தெரியவில்லை. இருந்த ஒரு புதிரை நான்காக்கி வைத்தோம்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பலில் இணைய இணைப்பு கிடைத்தால் அப்பா காணொளியில் பேசுவார். "தொட்டியைக் காட்டுங்க, பார்ப்போம்" என்பார். கைபேசியைக் கோமாளி மீன்களின் பக்கம் மட்டும் பிடித்தோம். "பவளம் எங்கம்மா?" என்றால், "சிக்னல் சரியில்லப்பா" என்று துண்டித்துவிடுவோம். தூரத்தில் இருப்பவருக்குக் கவலை எதற்கு என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மை அதுவன்று. எங்களை நம்பி ஒப்படைத்ததைக் கெடுத்துவிட்டோம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

தேர்வு முடிந்த நாளன்று, அறிவியல் கற்பிக்கும் சிஸ்டரிடம் போய் நின்றோம். அவர்கள் பவளம் வளர்த்தவர் அல்லர். ஆனால் எங்களிடம் கேட்டவை எல்லாம் கேள்விகளே. மருந்து ஒன்றையும் சொல்லவில்லை. "ஒன்று மட்டும் வாடியிருக்கிறதா, எல்லாமா?" என்பது முதற்கேள்வி. எல்லாம் என்றோம். "அப்படியானால் ஒன்றின் இடத்தில் குறை இல்லை, எல்லாவற்றுக்கும் பொதுவானதில் குறை. எல்லாவற்றுக்கும் பொதுவானது எது?" என்றார்கள். நீர் என்றோம். "கூட்டியதைக் குறையுங்கள், திருப்பியதைத் திருப்புங்கள். பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டைத் தொடாதீர்கள்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு பட்டியல் போட்டோம். அப்பாவின் நோட்டிலும் நூல்களிலும் படித்தறிந்த அந்த முறையை, வீட்டில் தொட்டி வைத்திருக்கும் தோழியருக்குப் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

முதலில் கண்ணால் பார்த்தோம். பவளம் சட்டை உரிப்பதானால் பளபளப்பான படலம் தெரியும்; அழுகுவதானால் தசை குழைந்து துர்நாற்றம் வீசும். வெளிச்சம் மிகுந்தால் நுண்பாசிகளை இழந்து நிறம் வெளுக்கும். குறைந்தால் காம்பு நீண்டு ஒளியை நோக்கி எட்டிப் பார்க்கும். எங்களுடையவை வெளுக்கவும் இல்லை, நீளவும் இல்லை. இரவில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தோம். பொத்தான்களைத் தின்னும் ஓடில்லா நத்தைகள் இரவில்தான் வெளிவரும். ஒன்றும் இல்லை. மீன்கள் கொத்துகின்றனவா என்று அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தோம். அதுவும் இல்லை.

அடுத்து அளந்தோம். வெப்பம் 26 டிகிரி, சரி. உப்பை அளக்கும் முள் கருவியில் காற்றுக்குமிழி ஒட்டினால் பொய்க் கணக்குக் காட்டும் என்பதால் தட்டித் தட்டி மூன்று முறை அளந்தோம். 1.025, அதுவும் சரி. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 10. காரத்தன்மையும் குறையவில்லை. குடைக்காளான் தன்னைக் காத்துக்கொள்ள நீரில் ஒருவகை வேதிப்பொருளைக் கசியவிடும். அது அண்டை அயலைத் துன்புறுத்தும். அதற்காக வைத்திருக்கும் கரித்தூள் பையையும் புதிதாக்கினோம். இரண்டு நாள் பொறுத்தோம். மாற்றமில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் சரியாக இல்லை! சோர்ந்துபோய் நோட்டோடு மறுபடியும் சிஸ்டரிடம் போனோம். அவர்கள் குறிப்புக் கட்டத்தைப் பின்னிருந்து முன்னாகப் படித்தார்கள். "நத்தை ஒன்று விழுந்து கிடந்தது" என்று ஆகஸ்டில் ஒரு வரி. செப்டம்பரில் "இரண்டு நத்தை இறந்தன" என்று ஒரு வரி. "இறால் சட்டை உரிக்கும்போது இறந்தது" என்று ஒரு வரி. தனித்தனி நாளில் எழுதியதால் நாங்கள் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

"மீன்கள் எப்படி இருக்கின்றன?" என்று கேட்டார்கள்.

"நன்றாக இருக்கின்றன சிஸ்டர். நன்றாகச் சாப்பிடுகின்றன."

"மீனுக்கு என்ன உண்டு, நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் என்ன இல்லை?"

ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பாடம்! முதுகெலும்பு. முதுகெலும்புள்ளவை நலமாக இருக்கின்றன, முதுகெலும்பற்றவை மடிகின்றன. அட்டவணையாக மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பாகுபாடு, எங்கள் வீட்டில் உயிருக்கும் சாவுக்கும் இடையே கோடு கிழித்துக்கொண்டிருந்தது. "மீனை விட்டுவிட்டு இவற்றை மட்டும் கொல்வது எது என்று தேடினால், முதலில் தாமிரத்தைச் சந்தேகிக்க வேண்டும். குளத்தில் நத்தையைக் கொல்ல மயில்துத்தம் போடுவதில்லையா? அது தாமிர உப்புத்தான்" என்றார்கள் சிஸ்டர். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குத் தரும் சில மருந்துகளிலும் தாமிரம் உண்டு. பவளத் தொட்டியில் அவற்றை ஊற்றவே கூடாது என்று பின்னர் படித்தோம். விந்தை என்னவெனில், நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இறாலின் இரத்தத்தில் செய்வது தாமிரமே. ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாகிவிடுகிறது.

அன்று மாலை தாமிரத்தைப் பரிசோதிக்கும் பெட்டி ஒன்றை அஞ்சலில் வரவழைக்க ஏற்பாடு செய்தோம். தொட்டியில் தாமிரக் கம்பி ஏதும் விழுந்ததா, பம்பில் பித்தளைத் திருகாணி ஏதும் உண்டா என்று தேடினோம். கடை மருந்தின் புட்டியைப் படித்தோம், அதில் இல்லை. இருவரும் சேர்ந்துதான் தேடினோம். ஆனால் எங்களில் ஒருத்திக்கு, சிஸ்டர் "தாமிரம்" என்று சொன்ன அந்தக் கணமே விடை தெரிந்துவிட்டது. அவள் தெரியாதவளைப்போலவே மற்றவளோடு சேர்ந்து தேடினாள்.

எங்கள் அடுக்களையில் ஒரு செப்புக்குடம் இருக்கிறது. செப்புப் பாத்திரத்து நீர் உடம்புக்கு நல்லது என்று அம்மா தினமும் இரவில் அதில் ஆர்.ஓ. நீரை நிரப்பி வைப்பார். தொட்டிக்கு ஊற்றும் நீரையோ ஆர்.ஓ. கருவியிலிருந்து நேரே பிளாஸ்டிக் கேனில்தான் பிடிக்க வேண்டும். 2 லிட்டர் நிறையப் பத்து நிமிடத்துக்குமேல் காத்து நிற்க வேண்டும். குடத்தில் மொண்டால் அரை நிமிடம். அதே கருவியில் வந்த அதே நீர்தானே! ஜூலை மாதத்தில் ஒரு நாள், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று எங்களில் ஒருத்தி குடத்தில் மொண்டு ஊற்றினாள். கெடுதல் எதுவும் நிகழவில்லை. பிறகு அதுவே வழக்கமாயிற்று. நோட்டில் ஒவ்வொரு நாளும் "2 லிட்டர்" என்று சரியாகவே எழுதப்பட்டிருந்தது. எவ்வளவு என்று கேட்ட கட்டம், எங்கிருந்து என்று கேட்கவில்லை.

உண்மை தெரிந்தவள் அன்று முதல் குடத்து நீரை ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் வாய் திறக்கவில்லை. இனி ஊற்றாவிட்டால் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் நீர் ஆவியாகும், தாமிரம் ஆவியாகாது. ஊற்றியதெல்லாம் உள்ளேயேதான் இருந்தது. இரண்டு நாள் அவள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இரவு விளக்கணைத்தபின், இருட்டில், மற்றவளிடம் சொன்னாள். மற்றவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இரண்டு நாளாத் தெரிஞ்சும் சொல்லலியா?" என்று கேட்டாள். பிறகு அப்பாவிடம் சிக்னல் இல்லை என்று எத்தனை வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது நினைவுக்கு வரவே, பேச்சு நின்றுவிட்டது. மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது கைகொட்டி பாறையில் கரைந்து, சளிபோல வழிந்திருந்தது.

முன்னதாகச் சொல்லியிருந்தால் அது பிழைத்திருக்குமா என்று எங்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு நாள்களை எங்களால் மறக்க முடியாது.

பரிசோதனைப் பெட்டி வந்ததும் மூன்று குழாய்களில் மூன்று நீரை எடுத்தோம். ஆர்.ஓ. கருவியின் நீரில் தாமிரம் தெரியவில்லை. தொட்டி நீரில் இருந்தது. செப்புக்குடத்து நீரில் அதைவிட மிகுதியாக இருந்தது. வடித்த நீரில் தாதுக்கள் குறைவு. சற்றே அமிலத்தன்மை உண்டு. ஆகவே அது செம்பை எளிதில் கரைத்துக்கொள்ளும். அம்மா பதறிப்போய், "அப்போ நாம குடிக்கிறது?" என்று கேட்டார். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை தாமிரம் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதில் பத்தில் ஒரு பங்கே நத்தைக்கும் பவளத்துக்கும் கேடு செய்யப் போதுமானது. நமக்கு நல்லது என்பதனால் எல்லா உயிருக்கும் நல்லதாகிவிடாது.

பிறகு சிகிச்சை. மூன்று நாளுக்கு ஒரு முறை 40 லிட்டர் நீரை அகற்றிப் புதிய கடல்நீரைச் சேர்த்தோம். ஒவ்வொரு முறையும் பழைய நீரில் 79 விழுக்காடு தங்கும் என்பதால், பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் பெருக்குத் தொடரின்படி, ஐந்து முறை மாற்றியும் பழையதில் 31 விழுக்காடு மிஞ்சும். மொத்தமாக மாற்றிவிடலாமே என்றால், அந்த அதிர்ச்சியே நலிந்த பவளத்தைக் கொன்றுவிடும். எஞ்சியதைப் பிடிக்கக் கரித்தூளும், தாமிரத்தை ஈர்க்கும் ரெசின் மணிகளும் வைத்தோம். குடைக்காளானின் ஓரத்தில் அழுகிய பகுதியைக் கையுறை அணிந்து, புதுப் பிளேடால் வெட்டி எடுத்தோம். மென்பவளம் வெட்டுக்காயத்திலிருந்து தேறி வளரும் இயல்புடையது. வேறு ஒன்றையும் தொடவில்லை. தொடாமல் இருப்பதே எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

அந்த ஞாயிறு அப்பாவின் அழைப்பு வந்தபோது கைபேசியை நேரே குடைக்காளானுக்கு முன்னால் பிடித்தோம். அப்பா வெகுநேரம் பேசவில்லை. எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. நடந்ததை முதலிலிருந்து சொன்னோம்.

"குடத்துத் தண்ணிய யாரும்மா ஊத்தினது?" என்று கேட்டார்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நாங்கதாம்ப்பா" என்றோம். இருவர் வாயிலிருந்தும் ஒன்றாகவே வந்தது.

அப்பா மறுபடி கேட்கவில்லை. "கைகொட்டி போனது போகட்டும். நீங்க சொல்லாம இருந்ததுதான் எனக்கு வருத்தம். இங்க எஞ்சின்ல ஒரு கோளாறுன்னா, தப்பு செஞ்சவன் உடனே சொல்லிட்டா அரை நாள்ல சரி பண்ணிரலாம். மறைச்சா நாங்க நாலு நாள் வேற எடத்துல தேடுவோம்" என்றார். சற்றுப் பொறுத்து, "நோட்டுல அந்தக் கட்டத்தைப் போடாதது என் தப்பு" என்றும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் இவ்வளவு அழுதிருக்க மாட்டோம்.

பதினோராம் நாள் பொத்தான்கள் விரியத் தொடங்கின. குடைக்காளான் இருபத்தாறாம் நாள்தான் கண் திறந்தது. ஒரு பக்கத்தில் மட்டும், பத்துப் பதினைந்து பூக்கள். எட்டு விரல்களும் இருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியில் எண்ணிப் பார்த்தோம், இருந்தன! கிறிஸ்துமசுக்கு அப்பா வந்தபோது குடை முக்கால் பங்கு விரிந்திருந்தது. வெட்டிய இடம் மட்டும் கடித்த தோசைபோல இன்றும் வளைந்திருக்கிறது. புதிதாக விட்ட இரண்டு நத்தைகள் இன்றுவரை கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. பாறைகள் உறிஞ்சிய தாமிரம் மெல்லக் கசியலாம் என்பதால் வாரந்தோறும் பரிசோதிக்கிறோம். கைகொட்டி இருந்த பாறையை அப்படியே விட்டிருக்கிறோம்.

விடுமுறையில் ஆச்சி வீட்டுக்குப் போனபோது அந்தப் பழைய சுவரின் முன் நின்றோம். இம்முறை விரலால் தேய்க்க மனம் வரவில்லை. தேன்கூட்டின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பூ விரிந்து மூடியிருக்கும் அல்லவா! தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் பவளப் பாறைகளைச் சுற்றிலும் கொண்டிருந்தன. 1986-இல் அப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆயிற்று. ஆனால் அதற்குள் சுவருக்கும் சுண்ணாம்புக்கும் அள்ளியது போக, இரண்டு தீவுகள் இப்போது நீருக்கடியில் இருக்கின்றன. மிஞ்சிய பவளங்கள் 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறியதால் வெளுத்தன. எங்கள் தொட்டியில் பிழை என்றால் 40 லிட்டர், 40 லிட்டராக நீரை மாற்றிவிட்டோம். கடலின் நீரை மாற்ற எங்கே போவது? அங்கே நாம் ஊற்றுவதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று எந்த நோட்டில் எழுதியிருக்கிறது?

தோழியரே, எங்கள் வீட்டு நோட்டில் இப்போது ஆறு கட்டங்கள் இருக்கின்றன. "ஊற்றிய நீர்" என்பதை அடுத்து "எங்கிருந்து" என்று அப்பா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தந்திருக்கிறார். தினமும் கேனுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் காத்து நிற்கிறோம். ஒருத்தி பிடிக்க, மற்றவள் பாடம் ஒப்பிக்கிறாள். யார் ஊற்றினாலும், கீழே இருவரும் கையெழுத்துப் போடுகிறோம்.

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)